கடன் வாங்காமல் முதல் வீடு: வரியில் என்ன கிடைக்கும்?

போன தை மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு டீச்சர் என்னைத் தேடி வந்தார். நான் காரைக்குடியில் வரிக் கணக்கு எழுதுகிறவன். பெரிய ஆடிட்டர் எல்லாம் இல்லை. ஆடிட்டரிடம் போவதற்கு முன்னால் காகிதங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கிற ஆள். டீச்சர் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செக்காலைப் பக்கம் ஒரு வீட்டை 42 லட்சத்துக்குப் பேசி முடித்திருந்தார். ஐப்பசியில் கோட்டையூரில் இருந்த மனையை விற்ற பணம் 30 லட்சம், மிச்சத்துக்கு ஓய்வுப் பணம். வங்கிப் பக்கமே போகவில்லை.

"கடன் வாங்குறவுகளுக்கு வரியில கழிக்கிறாகளாமே தம்பி. கைக்காசைப் போட்டு வாங்குறவளுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்றார். அதோடு, அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகன் ஒரு கதை சொன்னானாம்: அங்கே முதல் வீடு வாங்கியவர்களுக்கு அரசாங்கமே 8,000 டாலர் கொடுத்தது, கடன் வாங்கினாயா என்று கேட்கக்கூட இல்லை என்று.

டீச்சருக்கு இது முதல் வீடு என்பதே ஒரு வேடிக்கை. அவர் பிறந்த வீட்டுக்கு ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுமுற்றமான வளவைச் சுற்றிப் பங்காளிக்கு ஓர் அறை. அதில் அவர் பங்கு எத்தனையில் ஒன்று என்று கேட்டால் மூன்று தலைமுறைக் கணக்கைப் பிரிக்க வேண்டும். ஆனால் தன் பெயரில், தன் காசில், பட்டாவும் பத்திரமுமாக ஒரு வீடு என்றால் இதுதான் முதல். செட்டிநாட்டில் இந்த நிலையில் இருப்பவர்கள் ஏராளம் என்பதால் டீச்சருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவர் பெயரையும் ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றாமல் விட்டுவிட்டேன்; பெயரைத்தான் சொல்லவே இல்லையே.

கழிவு வேறு, வரவு வேறு

வரிச் சலுகை என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு சரக்கு கலந்து கிடக்கிறது. ஒன்று, வருமானத்தில் கழிப்பது. உங்கள் வருமானம் 10 லட்சம், 1 லட்சம் கழிவு கிடைத்தது என்றால் 9 லட்சத்துக்கு வரி போடுவார்கள். நீங்கள் 20 சதவீதப் படியில் இருந்தால் மிச்சமாவது 20,000 ரூபாய். மேல்வரி (செஸ், வரியில் 4 சதவீதம்) சேர்த்து 20,800. இன்னொன்று, வரியிலேயே வரவு வைப்பது. 1 லட்சம் வரவு என்றால் கட்டவேண்டிய வரியில் முழுசாக 1 லட்சம் குறையும். பேரேடு எழுதிய குடும்பங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை: சரக்கு விலையில் குறைத்துக் கொடுப்பதற்கும், பாக்கித் தொகையில் வரவு வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

தங்கை மகன் சொன்ன அமெரிக்கக் கதை இரண்டாவது வகை. 2008-இல் வீட்டு விலைகள் சரிந்தபோது அங்கே கொண்டுவந்தார்கள். முதல் வடிவத்தில் 7,500 டாலர் வரை. அது பேருக்குத்தான் சலுகை, 15 ஆண்டுகளில் வட்டியில்லாமல் திருப்பிக் கட்ட வேண்டும். 2009-இல் அதை 8,000 டாலராக்கி, திருப்பித் தர வேண்டாம் என்றார்கள். வீட்டு விலையில் 10 சதவீதம், உச்சம் 8,000. வரியே கட்டவேண்டியிராதவருக்கும் காசோலை வந்தது. கடன் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முந்தைய 3 ஆண்டுகளில் சொந்தமாகக் குடியிருந்த வீடு இல்லை என்றால் 'முதல் வீடு' என்று எடுத்துக்கொண்டார்கள். அதிக வருமானக்காரருக்குக் கிடையாது. 2010-லேயே முடிந்துபோன திட்டம் அது. தங்கை மகன் பழைய கதையைச் சொல்லியிருக்கிறான். கனடாவில் இப்போதும் ஒன்று இருக்கிறது: 2022 முதல் 10,000 டாலருக்கு அடிமட்ட விகிதத்தில் வரிக் குறைப்பு, 15 சதவீதம் இருந்தபோது அது 1,500 டாலர். அங்கும் கடன் கேள்வி கிடையாது.

இந்தியாவில் இப்படி ஒரு வரவு முதல் வீட்டுக்குக் கிடையவே கிடையாது. இங்கே இருப்பதெல்லாம் கழிவும், வேறு வருமானத்துக்கான விலக்கும்தான். வரி கட்டுகிறவருக்குத்தான் கழிவால் பயன். டீச்சருக்கு ஓய்வூதியம் மாதம் 48,000; ஆண்டுக்கு 5 லட்சத்து 76 ஆயிரம். விகிதம் குறைவாகவும் கழிவுகள் சொற்பமாகவும் உள்ள புதிய வரிமுறையில் அதற்கு வரியே இல்லை. இல்லாத வரியில் எதைக் கழிப்பது?

கடனுக்குத்தான் மரியாதை, அதுவும் போயிற்று

கடன்காரருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடலாம், ஏக்கம் தீரும்.

வருமான வரிச் சட்டத்தின் 24பி பிரிவில் வீட்டுக் கடன் வட்டி, குடியிருக்கும் வீடென்றால் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழியும். 80சி-இல் அசலைத் திருப்பிக் கட்டிய தொகை 1.5 லட்சம் வரை. 'முதல் வீடு' வாங்குகிறவரை மனதில் வைத்து வந்த பிரிவுகள் இரண்டு. 80இஇ, 2016-17-இல் கடன் அனுமதி வாங்கியவர்களுக்கு, கூடுதலாக 50,000. 80இஇஏ, 2019 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை கடன் அனுமதி வாங்கியவர்களுக்கு, வீட்டின் முத்திரை மதிப்பு (முத்திரைத் தீர்வைக்கு அரசு எடுத்துக்கொள்ளும் மதிப்பு) 45 லட்சத்துக்குள் இருந்தால் கூடுதலாக 1.5 லட்சம். இரண்டுமே வட்டிக்கான கழிவு. கடன் இல்லாவிட்டால் வட்டி இல்லை, வட்டி இல்லாவிட்டால் கழிவு இல்லை. புதிதாக வாங்குகிறவர்களுக்கு இரண்டு கதவும் மூடியாயிற்று. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புற வட்டி மானியமும் பெயரிலேயே சொல்லிவிடுகிறது, வட்டி கட்டுகிறவருக்கென்று.

ரங்கூனிலும் மலேயாவிலும் கடன் கொடுத்துப் பெயர் வாங்கிய ஊர்க்காரர்கள், கடன் வாங்கினால்தான் சலுகை என்கிற சட்டத்தைப் பார்த்து முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. அந்தச் சலுகையில் இப்போது அவ்வளவு சத்து இல்லை.

2023-24 முதல் புதிய வரிமுறைதான் இயல்பான முறை. பழையது வேண்டுமென்றால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். புதியதில் 80சி கிடையாது, குடியிருக்கும் வீட்டு வட்டியும் கிடையாது. சரி, பழையதைக் கேட்டு வாங்கினால்? 2025-26-க்கு ஒரு கணக்கு போடுவோம். சம்பளம் 18 லட்சம். புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போக வரி 1,50,800. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி 1.5 லட்சம், வீட்டு வட்டி 2 லட்சம் எல்லாவற்றையும் கழித்தாலும் வரி 2,41,800. கடன் வாங்கி, வட்டி கட்டி, எல்லாக் கழிவையும் பெற்ற பிறகும் 91,000 ரூபாய் அதிகம். 10 லட்சம் சம்பளக்காரர் நிலை இன்னும் வேடிக்கை: புதிய முறையில் அவருக்கு வரி பூஜ்யம். 80சி கழிவு வேண்டுமென்று பழைய முறைக்குப் போனால் 75,400 ரூபாய் கட்ட வேண்டிவரும்.

ஆகவே, கையில் பணம் இருந்தும் 'வரிக்காகக் கொஞ்சம் லோன் போடு' என்று யாராவது சொன்னால் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 30 லட்சத்துக்கு 8.5 சதவீதம் என்றால் முதல் ஆண்டு வட்டியே ஏறக்குறைய இரண்டரை லட்சம். பழைய முறையில் 30 சதவீதப் படியில் இருப்பவருக்குக்கூட அதில் அதிகபட்சம் மிச்சமாவது 62,400.

பத்திரச் செலவில் ஒரு சின்ன வழி

கடன் இல்லாதவருக்கென்று 80சி-க்குள்ளேயே ஒரு வாசகம் ஒளிந்திருக்கிறது. வீடு உங்கள் பெயருக்கு மாறுவதற்காகக் கட்டிய முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், அது சார்ந்த செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாம். கடன் இருந்ததா, முதல் வீடா, மூன்றாவது வீடா என்ற கேள்வியே இல்லை. உச்சம் அதே 1.5 லட்சம், பி.எஃப்., எல்ஐசி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்த உச்சம் அது.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 9. டீச்சரின் 42 லட்சத்துக்கு 3,78,000 ரூபாய். 17 லட்சம் மதிப்புள்ள வீடென்றாலே 1.5 லட்சத்தைத் தொட்டுவிடும். (2025 ஏப்ரல் முதல், 10 லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. காரைக்குடி விலையில் 10 லட்சத்துக்கு வீடு எங்கே என்று கேட்காதீர்கள்; சுற்றுக் கிராமங்களில் இருக்கிறது.)

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வாங்கி, இருவரும் அவரவர் கணக்கிலிருந்து பத்திரச் செலவைக் கட்டியிருந்தால் இருவரும் தனித்தனியே 1.5 லட்சம் வரை கேட்கலாம். 20 சதவீதப் படியில் ஒருவருக்கு 31,200, 30 சதவீதப் படியில் 46,800.

இதில் கண்ணி, எந்த ஆண்டு பணம் கட்டினீர்களோ அந்த ஆண்டுக்கு மட்டும்தான் கழிவு. மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. இதை நான் சொந்தச் செலவில் படித்தேன். என் வீட்டுப் பதிவை மார்ச் கடைசியில் வைத்திருந்தோம். நல்ல நேரம் பார்த்து, வில்லங்கச் சான்று தாமதமாகி, கடைசியில் ஏப்ரல் 4-இல் போய் நின்றேன். முடிந்த ஆண்டில் என் 80சி பாதி காலியாக இருந்தது. புதிய ஆண்டில் பையனின் பள்ளிக் கட்டணமும் பி.எஃப்.பும் முக்கால்வாசியை நிரப்பிவிட்டன. நான்கு நாளில் போனது ஒரு நல்ல சைக்கிள் விலை.

இன்னும் சில: இது குடியிருப்பு வீட்டுக்குத்தான், வெறும் மனைக்கோ கடைக்கோ இல்லை. வாங்கிய பிறகு ஆத்தங்குடிக் கல் பதித்தேன், தேக்குக் கதவை இழைத்தேன் என்று மராமத்துச் செலவைச் சேர்க்க முடியாது. வீட்டைக் கைவசம் எடுத்த நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் விற்றால், கழித்த தொகை முழுவதும் விற்ற ஆண்டின் வருமானமாகத் திரும்பி வந்து உட்காரும். எல்லாவற்றுக்கும் மேல், பழைய முறையில் இருப்பவருக்கு மட்டும்தான் இது. சம்பளக்காரர் ஆண்டுக்கு ஆண்டு முறையை மாற்றிக்கொள்ளலாம். கடை வைத்திருப்பவர், தொழில் வருமானம் உள்ளவர் அப்படி ஆட முடியாது. பழைய முறைக்குப் போய்விட்டுப் புதியதற்கு ஒரு தடவை திரும்பலாம், அதன்பின் தொழில் இருக்கும்வரை பழையது இல்லை. ஒரு ஆண்டின் பத்திரச் செலவுக்காக அந்த வாய்ப்பைச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு சொல் இடையில்: 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. 80சி என்பது 123 ஆகிவிட்டது. எல்லோர் வாயிலும் பழைய எண்களே புழங்குவதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

வீட்டைப் பார்க்காதீர்கள், பணம் வந்த வழியைப் பாருங்கள்

டீச்சரிடம் அடுத்து நான் கேட்டது, "மனையை எப்ப வாங்குனீங்க டீச்சர், என்ன விலைக்கு?" என்பதுதான். 2005-இல், 3 லட்சத்துக்கு. இப்போது 30 லட்சத்துக்கு விற்றிருக்கிறார். லாபம் 27 லட்சம்; சட்டம் இதை மூலதன ஆதாயம் என்கிறது. அதற்கு 12.5 சதவீதம் வரி, மேல்வரி சேர்த்து 3,51,000 ரூபாய். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம் என்பதால், விலைவாசிக் குறியீட்டால் வாங்கிய விலையை உயர்த்தி 20 சதவீதம் கட்டும் வழியும் உண்டு. போட்டுப் பார்த்தால் அது 4 லட்சத்தைத் தாண்டுகிறது, வேண்டாம்.

டீச்சருக்கு முகம் மாறிவிட்டது. அந்த மூன்றரை லட்சத்தை அவர் நினைக்கவே இல்லை. ஒன்றரை லட்சம் கழிவு கேட்டு வந்தவருக்கு மூன்றரை லட்சம் வரி காத்திருந்தது.

கடன் இல்லாமல் வீடு வாங்குகிறவருக்கு உண்மையான சலுகை இங்கேதான் இருக்கிறது. பெயர் 54எஃப். வீடு தவிர வேறு எந்த நீண்டகாலச் சொத்தை விற்றாலும், மனையோ, தங்கமோ, பங்குகளோ, விற்ற பணத்தை ஒரு வீட்டில் போட்டால் அந்த லாபத்துக்கு வரி விலக்கு. புதிய முறை, பழைய முறை இரண்டிலும் உண்டு. இங்கும் கடன் பற்றிப் பேச்சே இல்லை. 'முதல் வீடு' என்ற சொல்லும் இல்லை. ஆனால் விற்கிற நாளில், புதிதாக வாங்கும் வீட்டைத் தவிர, ஒன்றுக்கு மேல் வீடு உங்களுக்கு இருக்கக் கூடாது. ஒன்று இருக்கலாம். டீச்சரின் பூர்வீகப் பங்கை ஒரு முழு வீடாகவே எண்ணினாலும் பாதகமில்லை. பூர்வீகப் பங்கோடு இன்னொரு வீடும் இருப்பவர்தான் யோசிக்க வேண்டும்: பங்கு வீடும் 'வீடு' கணக்கில் வருமா என்பதில் நீதிமன்றங்கள் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கின்றன. அந்த நிலையில் இருப்பவர்கள் விற்பதற்கு முன்பே நல்ல ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

காலக்கணக்கு இப்படி: விற்பதற்கு 1 ஆண்டு முன்னாலோ, விற்ற 2 ஆண்டுக்குள்ளோ வீட்டை வாங்க வேண்டும், கட்டுவதானால் 3 ஆண்டுக்குள். வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள் வந்தும் வீடு அமையவில்லை என்றால் பணத்தைச் சாதாரண சேமிப்பில் வைத்திருக்கக் கூடாது. வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்று தனியாக ஒன்று உண்டு, அதில் போட வேண்டும். ஐப்பசியில் விற்று அடுத்த ஆடி வரை வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். வாங்கிய வீட்டை 3 ஆண்டுக்குள் விற்றாலோ, 2 ஆண்டுக்குள் இன்னொரு வீடு வாங்கினாலோ விலக்கு போய்விடும்.

பலரும் இடறுகிற இடம் ஒன்று உண்டு. லாபத்தைப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 54எஃப்-இல் விற்ற தொகை முழுவதையும் போட வேண்டும். டீச்சர் 30 லட்சத்தையும் வீட்டில் போடுவதால் 27 லட்சம் லாபமும் விலக்கு. அவர் 20 லட்சத்துக்கு மட்டும் வீடு வாங்கியிருந்தால்? முப்பதில் இருபது, மூன்றில் இரண்டு பங்கு. 18 லட்சத்துக்குத்தான் விலக்கு. மிச்சம் 9 லட்சத்துக்கு 1,17,000 வரி. வீட்டையே விற்று வீடு வாங்குகிறவருக்கு வேறு பிரிவு, 54. அதில் லாபத்தை மட்டும் போட்டால் போதும்.

நகைக்கும் இதே வழிதான். ஆச்சி கொடுத்த பழைய நகைகளை விற்று வீடு வாங்குவது இங்கே புதிதல்ல. (திருமண நகையான கழுத்திருவை யாரும் தொடமாட்டார்கள், அதைச் சொல்லவில்லை.) வழிவழியாக வந்த நகை என்றால் வாங்கிய விலையைக் கேட்டு யாரிடம் போவது? 2001 ஏப்ரல் 1-க்கு முன்பு குடும்பத்துக்கு வந்தது என்றால் அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சி வைத்திருந்த காலமும் உங்கள் காலமாகவே எண்ணப்படும் என்பதால் அது நீண்டகாலச் சொத்துதான்.

விவசாய நிலம் விற்ற பணம் என்றால் இன்னும் எளிது. நகராட்சி எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரம் தள்ளி இருக்கிற கிராமப்புற விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரியே கிடையாது. தூரம் ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது: 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. டீச்சரின் மிச்சப் பணமான பணிக்கொடைக்கும் வரி இல்லை, அவர் அரசு ஊழியராக இருந்தவர் என்பதால்.

பங்காளி கொடுத்த பணம்

'கடன் இல்லாமல்' என்று நம் ஊரில் சொன்னால் பாதி நேரம் 'வங்கிக் கடன் இல்லாமல்' என்றுதான் அர்த்தம். மாமனாரிடம் 5, சித்தப்பாவிடம் 3 என்று சேர்ந்திருக்கும். அது கொடையா, கைமாற்றா என்று முதலிலேயே எழுத்தில் வைத்துவிடுங்கள்.

கொடை என்றால், பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவியின் பெற்றோர், உடன்பிறந்தோர் கொடுப்பதற்கு வரி இல்லை, எத்தனை லட்சமானாலும். தாய்மாமன் கொடுக்கலாம். சித்தப்பா கொடுக்கலாம். சித்தப்பா மகன் கொடுத்தால்தான் சிக்கல். நமக்கு அவர் அண்ணன், சட்டத்துக்கு அவர் உறவினரே இல்லை. அப்படிப்பட்டவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் வந்தது 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் உங்கள் வருமானம். கல்யாணத்தின்போது மணமக்களுக்கு வந்த மொய்க்கு மட்டும் யார் கொடுத்தார் என்ற பேதம் இல்லை.

கைமாற்று என்றால் அதில் ஒரு நன்மை. 24பி-யில் வட்டிக் கழிவுக்கு வங்கியில்தான் வாங்கியிருக்க வேண்டும் என்று இல்லை. மைத்துனரிடம் வட்டிக்கு வாங்கினாலும், அவர் எழுதிக் கொடுத்த வட்டிச் சான்று இருந்தால் கழிவு உண்டு. பழைய முறையில், அதே 2 லட்ச உச்சத்துக்குள். மைத்துனர் அந்த வட்டியைத் தன் வருமானத்தில் காட்டியாக வேண்டும். அசலுக்கு 80சி கழிவு கிடையாது. பணம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும்: 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் வரலாம்.

வீட்டு அட்வான்ஸுக்கும் இதே 20,000 விதிதான். அங்கே அபராதம் ரொக்கம் வாங்குகிற விற்பனையாளர் தலையில். 'கைக்காசில் வாங்குகிறேன்' என்பதை நோட்டுக் கட்டு என்று புரிந்துகொள்ளும் தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடுவோம் என்றும் சொல்வார்கள். வழிகாட்டி மதிப்பு 60 லட்சம், பத்திர விலை 50 லட்சம் என்றால் வித்தியாசம் 10 லட்சமும் வாங்குகிறவரின் வருமானம். வித்தியாசம் விலையில் 10 சதவீதத்துக்குள்ளோ, 50,000 ரூபாய்க்குள்ளோ இருந்தால் மட்டும் விட்டுவிடுவார்கள். அகலமான மனையில் நிற்கும் பழைய வீடுகளைப் பங்காளிகள் அவசரத்துக்கு விற்கும்போது உண்மையிலேயே வழிகாட்டி மதிப்புக்குக் கீழே விலை படியும். அப்போதும் விதி இதுதான், ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத் துறை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் பினாங்கில் இருந்தால்

வங்கி இல்லாத கிரயத்தில் வரிப்பிடித்தத்தை நினைவூட்ட ஆள் இருக்காது. விலையோ முத்திரை மதிப்போ 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குகிறவர் 1 சதவீதத்தைப் பிடித்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். ஆறு பங்காளிகள் சேர்ந்து விற்றால் ஆளுக்குப் பத்துப் பத்து லட்சம்தானே என்று தப்ப முடியாது. 2024 அக்டோபர் முதல் எல்லோர் பங்கையும் கூட்டித்தான் 50 லட்சக் கணக்கு.

டீச்சரின் வீடு 42 லட்சம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை என்று நினைத்தேன். பத்திர நகலை வாங்கிப் பார்த்தால் விற்பவர்கள் நான்கு பேர், அண்ணன் தம்பிகள். மூத்தவர் பினாங்கில் குடியேறியவர். வெளிநாட்டில் வசிப்பவர் விற்கும்போது 50 லட்ச வரம்பே கிடையாது. அவர் பங்குக்கு 1 சதவீதம் அல்ல, 12.5 சதவீதமும் மேல்வரியும் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் அந்தப் பாக்கி டீச்சர் தலையில் விழும். உண்மையான லாபத்துக்கு ஏற்றபடி குறைத்துப் பிடிக்க வருமான வரித் துறையிடம் விற்பவர் முன்கூட்டியே சான்றிதழ் வாங்கலாம். அதற்கு அவர் விண்ணப்பித்திருக்கிறார். அந்தக் காகிதம் வரும்வரை பதிவைத் தள்ளிவைத்தோம். 54எஃப்-க்கு 2 ஆண்டு இருப்பதால் அந்தப் பக்கம் அவசரமில்லை.

"அப்ப எனக்கு வரி இல்லையில்ல? கணக்கும் தாக்கல் பண்ண வேணாம்தானே?" என்று டீச்சர் எழுந்தபடியே கேட்டார். பண்ண வேண்டும். மனை விற்ற 30 லட்சத்தையும் அதில் வந்த லாபத்தையும் ஐடிஆர்-2 படிவத்தில் காட்டி, 54எஃப் விலக்கையும் அதே படிவத்தில் எழுதிக் கேட்டால்தான் அந்த மூன்றரை லட்சம் மிஞ்சும். அதற்குள் பதிவு முடியாவிட்டால் 30 லட்சத்தையும் ஜூலை 31-க்கு முன் மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். அந்தத் தேதியை அவர் வீட்டுக் காலண்டரில் இப்போதே வட்டம் போடச் சொல்லியிருக்கிறேன்.